கடைசிப் பதினாலு வரி

உங்கள் முன்னுரையைப் படித்தேன். கவிஞரின் நினைவு மலருக்காக நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து எழுதி, என்னிடம் பார்க்கக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அதைத்தான் சொல்கிறேன். நல்ல தமிழ். தேடிப் பார்த்தும் ஒரு பிழை அகப்படவில்லை. முதல் பக்கத்தில் 'இயற்கையின் மடியில் துயின்ற குழந்தை' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஆள் துயின்று நான் பார்த்ததே இல்லை. விடிவதற்கு முன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு குளத்தங்கரைக்குப் போய்விடுவார். ஒன்பது மணிக்கு முழங்கால்வரை சேற்றோடு பத்திரிகை ஆபீசுக்குள் நுழைந்து யாரோடாவது சண்டையை ஆரம்பிப்பார். போகட்டும், மலர் என்றால் இப்படித்தான் எழுதுவார்கள் என்று விட்டிருப்பேன். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

மூன்றாம் பக்கத்தில், 'பிற்காலக் கவிதைகளில் உச்சத்தை முதல் வரியிலேயே வைக்கும் புதிய உத்தியைக் கவிஞர் கையாண்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். உத்தியாம்! அதற்குக் கீழே ஒரு பட்டியல். கவிஞரின் தகரப் பெட்டியில் உள்ள தாள்களில் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றைக் கழிப்பது என்று. கவிதை நோட்டுகளை வைத்துக்கொள்ளலாம். பறவைக் குறிப்புகளை வைத்துக்கொள்ளலாம். 'அச்சாபீஸ் துண்டுத் தாள்கள், மை படிந்தவை, கழிக்கலாம்.'

அந்தப் பெட்டியைக் கவிஞரின் தங்கை என்னிடம் கொடுத்தபோது எனக்குத் தலை நரைக்கவில்லை. அன்றிலிருந்து பூச்சி அரிக்காமல் வசம்பு போட்டு வைக்கிறேன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு தாளாக எடுத்து நிழலில் உலர்த்துகிறேன். கவிதைக்காக மட்டும் இந்தப் பாடு படவில்லை. நீங்கள் கழிக்கலாம் என்று எழுதிய துண்டுகளில் ஒன்றுக்காகத்தான் முக்கியமாகப் படுகிறேன். பத்திரிகைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அந்தத் துண்டின் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு கழியுங்கள்.

நாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு இருந்த காலம் அது, முப்பதுகளின் தொடக்கம். நாகர்கோவிலில் எட்டுப் பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. நான் அதன் அச்சுக்கூடத்தில் ஃபோர்மேன். நாலு கம்பாசிட்டர்கள் எழுத்துக் கோப்பார்கள். அவர்கள் கோத்ததைப் பக்கமாகக் கட்டி இயந்திரத்துக்கு அனுப்புவது என் வேலை. கவிஞர் அங்கே துணையாசிரியர். எங்கள் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அதற்கு முன் அவர் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். வகுப்பு நேரத்தில் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனதற்குத் தலைமையாசிரியர் கண்டித்தாராம். இவர் சாக்குக்கட்டியை மேஜையில் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன அதே வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்துவிட்டார்.

எங்கள் பத்திரிகையில் அவர் வாரந்தோறும் 'இந்த வாரம் வெளியே' என்று ஒரு பத்தி எழுதினார். எந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர், ஆரல்வாய்மொழிக் காற்று ஓய்ந்ததா, எந்தப் பறவை வந்தது, எந்தப் பறவை போனது என்றெல்லாம் இருக்கும். நடுவில் நாலு வரிக் கவிதை வரும். ஊர்களில் கடை வாசலில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் நின்று கேட்பார்கள். எங்கள் தலையங்கத்தை அப்படி யாரும் வாசித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் வேலைமுறையில் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதிய தாளைக் காப்பி என்போம். அது கைக்கு வந்ததும் கத்தரிக்கோலால் அதைக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டுவோம். ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே நேரத்தில் நாலு பேர் கோத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆக, ஒரு கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை படித்தவர் என்று அச்சுக்கூடத்தில் ஒருவரும் இருக்க மாட்டார். கோத்து முடிந்த துண்டுகளைச் சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைப்போம். சனிக்கிழமைதோறும் அந்தக் கத்தை முதலாளி வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போய்விடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பக்கத்தில் இடம் போதாவிட்டால் கட்டுரையின் வாலில்தான் வெட்டுவோம். செய்தி எழுதுகிறவர்களுக்கு அது தெரியும். முக்கியமானதை முதலில் சொல்லிவிட்டு, போனால் போகட்டும் என்பதைக் கடைசியில் வைப்பார்கள். நம்முடைய கவிஞரோ செய்தி எழுதினாலும் கவிதை மாதிரி எழுதுகிறவர். மெல்ல மெல்ல ஏறிப் போய்க் கடைசி வரியில்தான் விஷயத்தை வைப்பார். ஒரு தடவை மேகத்தைப் பற்றிய ஒரு கவிதையில், இருமல் மருந்து விளம்பரத்துக்காகக் கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டேன். மறுநாள் வந்து என் மேஜையைக் குத்தினார்.

"மேகம் வந்துது, இருண்டுது, எறங்குச்சு. மழை எங்க வேய்?"

"எடமில்ல."

"எடமில்லேன்னா மேகத்த எடுத்திருக்கணும். மழைய எடுக்கப்பிடாது."

நாலு கம்பாசிட்டர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் தாளை நீட்டும்போது "கடைசில கை வைக்காதேயும்" என்று சொல்வார். ஒவ்வொரு வாரமும் அவர் அதைச் சொன்னதால் ஒரு வாரமும் அது என் காதில் ஏறவில்லை.

அது ஐப்பசி மாதம். கும்பப்பூவுக்கு, அதாவது மாசியில் அறுக்கிற நெல்லுக்கு, நட்டு முடித்திருந்தார்கள். அடைமழை. குளங்களெல்லாம் கரை முட்ட நின்றன. ஒரு புதன்கிழமை காலையில் கவிஞர் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தார். சண்டை ஏதும் போடவில்லை. உட்கார்ந்து மளமளவென்று எழுதினார். எழுந்து போய், தெருக்கோடியில் இருந்த, குளங்களைப் பார்த்துக்கொள்கிற மராமத்து அலுவலகத்தில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். தாளை என் கையில் தந்து, "கடைசில கை வைக்காதேயும்" என்றார். திற்பரப்பில் அருவி கொட்டுவதைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச்சொல்லி முதலாளி உத்தரவிட்டிருந்ததால், பத்து மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். பிறகு பாதையில் வெள்ளம் ஏறியதால் ஒரு வாரம் அவரால் திரும்ப முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கங்களைக் கட்டி முடித்திருந்தேன். தக்கலைக்கும் புதுக்கடைக்கும் போகிற பத்திரிகைக் கட்டுகளை இரண்டு மணி பஸ்ஸில் ஏற்ற வேண்டும். அப்போது முதலாளி ஒரு தாளோடு வந்தார். அவர் மைத்துனர் வக்கீல் பரீட்சையில் தேறிவிட்டாராம். வாழ்த்துச் செய்தி, கட்டம் கட்டி, இந்த வாரமே வர வேண்டும்.

"எங்க வைக்க?" என்றேன்.

"எங்கயாவது வையும். அந்தப் பறவைக் கட்டுரைல நாலு வரியக் கொறைச்சா என்ன, ஆகாசமா இடிஞ்சு விழும்?"

நாலு வரி போதாது. பதினாலு வரி தேவைப்பட்டது. 'இந்த வாரம் வெளியே' பத்தியின் கடைசிப் பாரா சரியாகப் பதினாலு வரி இருந்தது. கோத்திருந்த எழுத்தை அப்படியே தூக்கி, அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று தனியாக ஒரு பலகையில் வைத்தேன். மறந்துபோகாமல் இருக்கக் கம்பியிலிருந்து அந்தப் பாராவின் துண்டுத் தாளை உருவி, அதன் மேல் நீலப் பென்சிலால் 'நிறுத்து, அடுத்த வாரம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் கட்டைவிரல் மை அதில் பதிந்தது. திரும்பவும் கம்பியில் குத்தினேன்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தாளைக் கையில் எடுத்தேன். அதன் மேல் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை. பறவைக் கட்டுரைதானே என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த 'தானே'வை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல வருகிறது. பஸ் ஒரு மணி நேரம் காத்திருக்காது; ஆனால் பதினாலு வரியைப் படிக்க ஒரு நிமிஷம் காத்திருந்திருக்கும்.

திங்கட்கிழமை முற்பகல், நாகர்கோவிலுக்கு வடக்கே நாலு மைலில் ஒரு குளம் உடைந்தது. கவிஞர் தினமும் போய் நிற்கிற குளம். மடையின் வடபுறத்தில் கரை பிளந்து, கீழத்தெருவையும் நட்ட வயலையும் அடித்துக்கொண்டு போயிற்று. பிள்ளைகளையும் கிழடுகளையும் எப்படியோ மேட்டில் ஏற்றிவிட்டார்கள். கசிவைக் கடைசி நேரத்தில் கண்டு, ஓலைக்கட்டும் மண்ணுமாக அடைக்க இறங்கிய மூன்று பேர் கரையோடு போய்விட்டார்கள்.

புதன்கிழமை கவிஞர் திரும்பினார். திற்பரப்பிலிருந்து வந்த கையோடு அந்த ஊருக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராக அச்சுக்கூடத்துக்கு வந்து நின்றார். கையில் எங்கள் பத்திரிகை.

"ஓய், என் கட்டுரைல கடைசிப் பாரா எங்க?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார். "அந்த ஊர்ல செல்லம்மைன்னு ஒரு பொம்பள. அவ புருசன் கரைய அடைக்க எறங்கினவன், போய்ட்டான். அவ என்னப் பாத்து என்ன கேட்டா தெரியுமா? தெனமும் விடியக்கால வந்து நிப்பியளே, பறவ எடம் மாறினது கண்ணுக்குத் தெரிஞ்சுது, கரை கசிஞ்சது தெரியல்லியான்னு கேட்டா. நான் எழுதினேம்மான்னு சொன்னேன். கடைக்காரன் பேப்பரக் கொண்டாந்து எல்லாரும் கேக்க வாசிச்சான். பறவையோட நிக்கி வேய்! 'முக்குளிப்பான்கள் மடைப்பக்கத்தை விட்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டன.' அதோட முடியுது. அதக் கேட்டுட்டு எம்மூஞ்சியப் பாக்க ஒருத்தருக்கும் பிடிக்கல்ல."

பத்திரிகையை என் மேஜையில் எறிந்தார். "வாயால சொல்லப்பிடாதான்னு கேட்டா. என் வாயவிடப் பத்திரிகைக்குச் சத்தம் கூடுதல்ன்னு நெனச்சேன் வேய்."

சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தை ஒரு நொடியில் புரிந்துகொண்டார். "அப்படி ஒரு பாராவே வரல்லியே" என்றார்.

"வந்துது. இவரு கைலதான் குடுத்தேன். சொல்லும் வேய்."

நான் எழுத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி அப்போது நிறைமாதம். எனக்கு வேறு தொழில் தெரியாது. இவையெல்லாம் காரணங்கள்தான், எதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் இவற்றை யோசித்து நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். காரணங்களைப் பிறகு தேடிப் பிடித்தேன்.

அன்று எல்லோரும் போனபின் கம்பியிடம் போனேன். மழையில் விறகு நனைந்து சனிக்கிழமை அடுப்பு எரியாததால் கத்தை அங்கேயே கிடந்தது. என் நீலப் பென்சில் இருந்த துண்டை உருவி, முதல் தடவையாகப் படித்தேன். இதுதான் அது:

'பறவைகள் காரணமில்லாமல் இடம் மாறுவதில்லை. மடையின் வடபுறத்துக் கரையில் இடுப்பளவு உயரத்தில் நீர் கசிகிறது. நேற்று தெளிந்து வந்த நீர் இன்று கலங்கி வருகிறது. கரைக்கு உள்ளே மண் கரைகிறது என்று அதற்குப் பொருள். கீழத்தெருவில் உள்ளவர்கள் மழை நிற்கும்வரை மேட்டுக்குப் போய்விட வேண்டும். மராமத்து அலுவலகத்தில் இன்றே சொல்லிவிட்டேன். அவர்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.'

சனிக்கிழமை அந்த ஊர்க் கடை வாசலில் இதை வாசித்திருப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் இருந்தது. திங்கட்கிழமை கரை உடைகிறபோதும் இதே பதினாலு வரி ஈயத்தில் கோத்தபடி என் பலகையில் இருந்தது. அந்தத் துண்டைக் கோத்த கம்பாசிட்டரை மறுநாள் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "நான் எழுத்தல்லா பாத்தேன் அண்ணாச்சி, விஷயத்த யாரு பாத்தா?" என்றான். அவனை நான் எந்த முகத்தோடு திட்டுவது?

அதற்கு அடுத்த நாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மராமத்து அலுவலகத்துக் குமாஸ்தா, தன்னிடம் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதிகாரி கவிஞரிடம், "கரை கசிவதைக் கண்டும் தெரிவிக்காமல் இருந்ததாக ஊரார் சொல்கிறார்கள்" என்றார். கவிஞர் தான் சொன்னதையும் எழுதியதையும் சொன்னார். முதலாளி, அப்படி எதுவும் அச்சுக்கு வரவில்லை என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீர் பார்த்தீரா?"

"நான் விஷயத்தப் படிக்கிறவன் இல்லீங்க."

அது பொய் இல்லை. புதன்கிழமை ராத்திரிவரை அது முழு உண்மை. உண்மையை வைத்துக்கொண்டே ஒரு மனிதனைக் கொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதிகாரி, 'ஃபோர்மேனுக்கும் தெரியாது' என்று எழுதிக்கொண்டார். கவிஞர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. எதிர்பாராத பெருமழையால் குளம் உடைந்தது என்று விசாரணை முடிந்தது. சர்க்கார் பறித்துவிடுமோ என்று முதலாளி பயந்த பத்திரிகை லைசென்ஸ் தப்பியது. கவிஞரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

முதலாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. பத்திரிகை நின்றால் ஒன்பது குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்றார். நிஜமாகவே அதை நினைத்துக் கலங்கினார். என் பிள்ளை பிறந்தபோது மருத்துவச்சிக்கு வண்டி அனுப்பியவர் அவர்தான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். கெட்டவனாக இருந்திருந்தால் கெட்டவன் செய்தான் என்று முடித்துவிடலாம். பாவம், நல்ல மனிதர்களாகிய நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். பலகையில் இருந்த பதினாலு வரியையும் கலைத்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டுவிடச் சொன்னார். கலைத்துப் போட்டேன். கம்பியில் கிடந்த கத்தையையும் எரித்துவிடச் சொன்னார். எரித்தேன். அந்த ஒரு துண்டை மட்டும், யாரும் தொடாத கிரந்த எழுத்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எரிக்கக் கை வரவில்லை.

பதினைந்து நாள் கழித்துக் கவிஞர் தம் நோட்டுகளை எடுத்துக்கொண்டு போக வந்தார். தாடி வளர்ந்திருந்தது. குளத்துப் பக்கம் போவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். போனால் ஊரார் பாதையிலேயே நின்று பார்ப்பார்களாம், ஒரு வார்த்தை பேச மாட்டார்களாம். நோட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய்த் துண்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். தாம் எழுதியதை அவர் படிக்கவில்லை. நீலப் பென்சிலைத்தான் படித்தார்.

"இது உம்ம கையெழுத்தல்லா?"

"ஆமா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நல்லது. மேஜையைக்கூடக் குத்தவில்லை.

"எங்கிட்ட எதுக்குத் தாறீரு? நான் எழுதினது எனக்குத் தெரியும். செல்லம்மைக்கு வாசிச்சுக் காட்டும்."

"நீங்களே போயி..."

"நான் வாசிச்சா, இப்ப எழுதிக் கொண்டாந்திருக்கான்ம்பா. வெட்டினவன் போயி வாசிக்கணும்." துண்டை என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "வாசிச்சுட்டுத் திருப்பி எங்கிட்டக் கொண்டாந்து தரணும். அது என் காப்பி."

அப்படித்தான் அது அவருடைய பெட்டிக்குப் போயிற்று. உங்கள் பட்டியலில் கழிவாகவும் ஆயிற்று.

நீங்கள் உத்தி என்று எழுதியதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர் ஏழெட்டு வருஷம்தான் உயிரோடு இருந்தார். வேறு பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் கவிதையும் எழுதி அனுப்பினார். எல்லாவற்றிலும் சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவார். குளம் வற்றிவிட்டது என்றுதான் கவிதை ஆரம்பிக்கும். கொக்கும் நாரையும் பிறகு வரும். கடைசி வரிகள் போனால் போகட்டும் என்கிற மாதிரி இருக்கும். அவற்றை யார் வேண்டுமானாலும் வாலில் வெட்டிக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது. மெல்ல ஏறி ஏறிப் போய்க் கடைசி வரியில் மழையைக் கொட்டத் தெரிந்த ஒருவர், அப்படி எழுதவே பயந்துபோனார். அவர் பயத்தை நீங்கள் உத்தி என்கிறீர்கள். அதற்குக் காரணமான நான் உங்கள் முன் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் துண்டை என் பையில் வைத்ததற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் அந்த ஊருக்கு நடந்தே போனேன். வயலெல்லாம் வண்டல் மூடி, நட்ட பயிர் இருந்த அடையாளமே இல்லை. கீழத்தெருவில் சுவர்கள் கரைந்து கூரைகள் தரையில் கிடந்தன. செல்லம்மை, முப்பது வயதுகூட இராது, புதுச் சுவருக்கு மண் மிதித்துக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை சேறு. நான் யார் என்று சொன்னேன். பத்திரிகையில் வேலை செய்கிறவன் என்றேன். கவிஞர் எழுதியது உண்மை, அச்சேறாமல் எடுத்தவன் நான், அதை வாசித்துக் காட்ட வந்திருக்கிறேன் என்று வழியெல்லாம் கோத்துவைத்திருந்த வாக்கியங்களைச் சொன்னேன். அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"வாசிங்க" என்றாள்.

வெயிலில் நின்று வாசித்தேன். கீழத்தெருவில் உள்ளவர்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்கிற இடம் வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. நான் தாளை மடித்தேன்.

"முடிஞ்சிற்றா?"

"முடிஞ்சுது."

"இன்னொருக்க வாசிங்க."

வாசித்தேன். அவள் அடுத்த வீட்டைப் பார்த்து, "ஏட்டி, இங்க வா, வந்து கேளு" என்று கூப்பிட்டாள். அந்தப் பெண் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வந்தார்கள். மூன்றாம் தடவை வாசித்தேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். முதலாளி சொன்னார், இடம் இல்லை, பஸ் நேரமாகிவிட்டது, எங்கள் தொழிலில் வழக்கம் இப்படி.

செல்லம்மை சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். துண்டைக் கேட்டு வாங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடியும் முன்பக்கம் திருப்பி, ஒரு சாண்கூட அகலமில்லாத அந்தத் தாளை இரண்டு விரலால் அளந்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

"இதுக்கா உங்க பேப்பர்ல எடம் இல்லாமப் போச்சு?"

துண்டை என் கையில் திருப்பித் தந்தாள்.

"அவுக இனி எப்பம்போல வரட்டும். நாங்க சொன்னம்ன்னு சொல்லுங்க" என்றாள். பிறகு சேற்றில் இறங்கி மிதிக்கத் தொடங்கிக்கொண்டே, "நீங்க வராண்டாம்" என்றாள்.

திரும்பி வந்து துண்டைக் கவிஞரிடம் கொடுத்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். மறுநாள் விடியற்காலையில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் குளத்துக்குப் போனார். நான் அந்த முதலாளியிடமே இன்னும் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். அந்த ஊருக்கு மட்டும் இன்றுவரை போகவில்லை.